மகள் இறையியல் படிக்க வேண்டும் என்கிறாள்

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் இரண்டு பயங்கள் இருக்கின்றன. ஊர் என்ன சொல்லும் என்பதற்கு என்னிடம் மருந்து இல்லை. மகள் எப்படிப் பிழைப்பாள் என்பது நியாயமான கேள்வி, அதற்கு வருகிறேன்.

அவள் குருவானவராக விரும்பவில்லை. சிறையிலிருந்து வெளிவந்தவர்கள், திருநங்கைகள், துப்புரவுப் பணியாளர் குடும்பங்கள் நடுவே ஊழியம் செய்ய விரும்புகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பெண் என்பது இதில் தடையே இல்லை. தென்னிந்தியத் திருச்சபை 1976 முதல் பெண்களுக்குக் குருப்பட்டம் தருகிறது. 2013-ல் புஷ்பா லலிதா நந்தியால் பேராயராகவே ஆனார். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சபையின் ஓரத்தில் நடக்கும் ஊழியத்துக்குச் சேகரம், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைகளின் வட்டாரம், கிடையாது. சேகரம் இல்லையென்றால் குருவானவர் தங்கும் குருமனையும் இல்லை, மாதச் சம்பளத்துக்கு உறுதியும் இல்லை. பெரும்பாலும் திட்ட நிதியில்தான் இந்த வேலைகள் ஓடுகின்றன. நிதி நின்றால் வேலையும் நின்றுவிடும். காணிக்கைப் பையும் இந்தப் பக்கம் அதிகம் திரும்புவதில்லை.

ஆகவே இரண்டு கால்களில் நிற்கச் சொல்லுங்கள். முதலில் சமூகப்பணி முதுகலை, இரண்டு ஆண்டுகள். அது கையில் இருந்தால் மருத்துவமனை, தொண்டு நிறுவனம், சிறைவாசிகள் மறுவாழ்வு என எங்கும் விண்ணப்பிக்கலாம். திருச்சபை சம்பளம் தராத ஆண்டுகளிலும் அதே மக்களோடு இருக்கலாம். கூடவே, இறையியல் பட்டங்கள் தரும் மேற்கு வங்கத்துச் செராம்பூர் கல்லூரியின் வெளிநிலைப் படிப்பில் வீட்டிலிருந்தபடியே கிறிஸ்தவ இயல் பயிலலாம். அதற்குப் பிறகும் ஆர்வம் குறையவில்லை என்றால் மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரிக்கு அனுப்புங்கள். 1969-ல் தொடங்கிய அந்தக் கல்லூரி தமிழிலேயே இறையியல் கற்பிப்பது. தலித் மக்களின் அனுபவத்திலிருந்து விசுவாசத்தைப் பேசும் தலித் இறையியல் அங்கே ஆழமாக வேரூன்றியது. குடிசைப் பகுதி மக்களோடு தங்கிப் பழகுவதும் அங்கே படிப்பின் பகுதி. உங்கள் மகள் தேடுவது இதைத்தான் என்று நினைக்கிறேன். பட்டதாரிகளுக்கு பி.டி. எனும் இறையியல் இளநிலைப் பட்டப்படிப்பு நான்கு ஆண்டுகள்.

போலிப் பட்டமோ என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. பட்டம் தருவது செராம்பூர். 1818-ல் தொடங்கி, 1827-ல் டென்மார்க் அரசரின் சாசனத்தால் பட்டம் வழங்கும் உரிமை பெற்ற கல்லூரி அது. ஆனால் ஆறே மாதத்தில் ‘டாக்டர்’ பட்டம் தருவதாகச் சுவரொட்டி ஒட்டுகிறவர்களும் உண்டு. எங்கே சேர்த்தாலும், சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும் என்று முதலில் கேளுங்கள். பி.டி.யை நம்பி அரசு வேலைக்குக் கணக்குப் போட வேண்டாம்.

செலவைப் பற்றி ஒன்று. நிலத்தை விற்காதீர்கள். உங்கள் பேராயரின் திருமண்டல அலுவலகத்தில் பரிந்துரைக் கடிதமும் படிப்புதவியும் கேளுங்கள். குருப்பட்டத்துக்குப் போகாதவர்களுக்கு முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை, கேளுங்கள். உங்களுடையது தலித் கிறிஸ்தவக் குடும்பம் என்றால், பட்டியல் சாதிகளை வரையறுக்கும் 1950 குடியரசுத் தலைவர் ஆணையின்படி பட்டியல் சாதிச் சலுகை கிடைக்காது. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருப்பதால், அந்தச் சான்றிதழை வைத்து உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள்.

விண்ணப்பம் வாங்கும் முன் இந்தக் கோடையில் ஒரு மாதம் அப்படிப்பட்ட ஊழியம் நடக்கும் இடத்தில் அவளைத் தங்க வையுங்கள். அங்கே இருப்பவர்களுக்குச் சம்பளம் யார் தருகிறார்கள், எத்தனை மாதம் தாமதமாகிறது என்று அவளே விசாரித்து வரட்டும். அந்தப் பதில்களோடு இருவருமாக வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.