படிவத்தில் தமிழ் என்றே எழுதுங்கள்

கேள்வி: ஆகஸ்டில்தான் கலிபோர்னியா வந்தோம். பையன் ஆறாம் வகுப்பு, ஊரில் தமிழ்வழியில் படித்தவன். கணக்கில் கெட்டிக்காரன், ஆனால் போன வாரம் ‘ஹவ் மெனி மோர்’ என்று கேட்ட கணக்கில் ‘மோர்’ என்ற சொல்லைப் பார்த்ததுமே இரண்டு எண்ணையும் கூட்டிவிட்டு வந்திருக்கிறான், கழிக்க வேண்டிய கணக்கு அது. ஆங்கிலத்துக்குத் தனி உதவி கேட்டால் பணம் இல்லை என்கிறது பள்ளி. சேர்க்கும்போது வீட்டு மொழி ஆங்கிலம் என்று என் கணவர் எழுதிவிட்டார், இல்லையென்றால் பையனை மட்டமான வகுப்பில் போடுவார்கள் என்று யாரோ சொன்னார்களாம். இப்போது என்ன செய்வது?

— ஒரு வாசகி

பதில்: முதலில் அந்தப் படிவத்தைத் திருத்துங்கள். குழந்தை முதலில் பேசிய மொழி எது, வீட்டில் அதிகம் பேசுவது எது என்று கேட்கும் இடத்தில் தமிழ் என்று இருந்தால்தான் ‘எல்பாக்’ என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் தொடக்கத் தேர்வுக்கு உட்கார வைப்பார்கள், அதுவும் பள்ளியில் சேர்ந்த 30 நாளுக்குள். அந்தத் தேர்வு இன்னும் நடக்கவில்லை என்றால் படிவத்தைத் திருத்திக் கொடுக்கலாம், அதன்படிதான் பள்ளி நடக்க வேண்டும். தேர்வு முடிந்த பிறகு திருத்தினால் பலன் இல்லை. அதில் பாஸ், ஃபெயில் எல்லாம் கிடையாது, எந்த அளவு உதவி வேண்டும் என்று பார்ப்பதற்குத்தான்.

பணம் இல்லை என்பதற்கும் இந்தப் படிவத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. மத்திய அரசு இந்த உதவிக்காக ‘டைட்டில் த்ரீ’ என்ற பெயரில் நாடு முழுவதற்கும் தருவது ஆண்டுக்குச் சுமார் 89 கோடி டாலர். ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளோ சுமார் 50 லட்சம் பேர். ஒரு பிள்ளைக்கு 200 டாலர்கூட இல்லை, அதை வைத்து ஒரு ஆசிரியரை எத்தனை நாள் வைத்துக்கொள்ள முடியும்! உருப்படியான பணம் மாநிலத்திலிருந்துதான் வருகிறது. கலிபோர்னியாவில் 2013 முதல் உள்ள முறைப்படி, ஆங்கிலம் கற்பவர் என்று கணக்கில் வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அடிப்படைத் தொகையில் 20 சதவீதம் கூடுதலாகப் பள்ளி மாவட்டத்துக்கு (ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்) போகும். குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளையாகவும் இருந்தால் இரண்டு முறை எண்ண மாட்டார்கள், அது வேறு விஷயம். அக்டோபர் முதல் புதன்கிழமை நிலவரப்படி எண்ணுகிறார்கள், மூன்று வருட சராசரி எடுக்கிறார்கள், அதனால் இன்று திருத்தினால் நாளைக்கே காசு வந்துவிடாது. ஆனால் நம்மவர்கள் கௌரவத்துக்காக ஆங்கிலம் என்று எழுதிவிட்டால் ஆங்கிலம் கற்பவர் கணக்கில் பிள்ளை இல்லவே இல்லை.

அப்புறம், பணம் இல்லை என்பதைக் காரணமாகச் சொல்லிச் சும்மா இருக்கவும் பள்ளிக்கு முடியாது. 1974-இல் லாவ் எதிர் நிக்கல்ஸ் வழக்கில், சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் புரியாமல் உட்கார்ந்திருந்த சுமார் 1,800 சீனப் பிள்ளைகளுக்காக உச்ச நீதிமன்றம் சொன்னது, ஒரே புத்தகத்தையும் ஒரே ஆசிரியரையும் கொடுத்துவிட்டால் சமமாக நடத்தியதாகிவிடாது என்பதைத்தான். உங்கள் மகன் ஆங்கிலம் கற்பவன் என்று பதிவானால் தினசரி அட்டவணையில் அதற்கென்று நேரம் ஒதுக்கியாக வேண்டும்.

மட்டமான வகுப்பு பயம் முழுக்கப் பொய் என்று சொல்ல மாட்டேன். சில இடங்களில் பிள்ளையை ஆங்கிலம் கற்பவர் பட்டியலிலேயே வருடக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். அதனால் கணக்கு வகுப்பில் அவன் தரத்துக்கு உரிய இடமே வேண்டும் என்று தனியாகக் கேளுங்கள், ஆங்கிலம் வராதது கணக்கு வராததாகிவிடாது. ஒவ்வொரு வருடமும் நடக்கும் எல்பாக் தேர்வின் முடிவு வந்ததும் பட்டியலிலிருந்து எடுப்பது பற்றியும் கேளுங்கள்.

பள்ளியில் ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள் 21 பேரோ அதற்கு மேலோ இருந்தால் ‘ஈலாக்’ என்ற பெற்றோர் குழு கட்டாயம் இருக்கும். அங்கே போய், அந்தக் கூடுதல் தொகை எந்த ஆசிரியருக்கு, எத்தனை மணி நேரத்துக்குப் போகிறது என்று கேளுங்கள், பொதுச் செலவில் கரைந்துபோவதும் உண்டு. திருத்திய படிவத்தின் நகலைத் தேதி போட்டு வாங்கிக்கொள்ள மறக்காதீர்கள்.