காங்கேசன்துறை சீமெந்து ஆலையை ஏன் அப்படியே திரும்ப ஓட்ட முடியாது?

வணக்கம் சகோதரி. மகளின் செயற்றிட்டத்துக்கு "1990இல் போரால் மூடப்பட்டது" என்ற ஒரு வரிதான் கிடைக்கிறது, மீண்டும் திறக்காததற்குக் காரணம் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியோடு விட்டுவிடாதீர்கள், சொல்ல நிறைய இருக்கிறது.

1950இல் யாழ்ப்பாணக் கடற்கரையிலுள்ள காங்கேசன்துறையில் உற்பத்தி தொடங்கியதற்குக் காரணம் காலடியிலேயே கிடந்த சுண்ணக்கல். களிமண் மன்னார்ப் பக்கம் முருங்கனிலிருந்து ரயிலில் வந்தது. இரண்டையும் அரைத்து, சுழலும் சூளையில் ஏறத்தாழ 1450 பாகை வெப்பத்தில் சுட்டால் கிளிங்கர் உருண்டைகள் வரும். அதோடு ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சீமெந்து. தெற்கே காலி நகரில் இருந்த சீமெந்து ஆலையில் சூளை கிடையாது. காங்கேசன்துறைக் கிளிங்கரைக் கொண்டுபோய் அங்கே அரைத்தார்கள். புத்தளம் ஆலைக்கு அறுவைக்காட்டில் சொந்தக் கல் இருந்தது. 1990களில் புத்தளம் ஆலை தனியாருக்குப் போய்விட்டது.

சரி, உங்கள் கேள்வி. இயந்திரம் புதிதாக வாங்கலாம், கல்தான் சிக்கல். யாழ்ப்பாணத்தின் கிணற்று நீர் முழுக்க அந்தச் சுண்ணக்கல்லின் துவாரங்களில்தான் தேங்கி நிற்கிறது. நன்னீர் மெல்லிய படையாக உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடலோரத்தில் ஆழமாகத் தோண்டினால் உப்பு உள்ளே ஏறும். ஒரு தொன் கிளிங்கருக்கு ஏறத்தாழ ஒன்றரைத் தொன் கல் வேண்டும் என்பதையும் மகள் கட்டாயம் எழுதட்டும். கிளிங்கரைக் கப்பலில் இறக்கி அரைக்க மட்டும் செய்வதானால் குழி தோண்டத் தேவையில்லை. என் மனம் அந்த வழியின் பக்கம்தான்.