1796-ல் ஆடம்ஸ் அதிபர், ஜெஃபர்சன் துணை அதிபர்: அச்சுப்பிழை இல்லை

1796 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஃபெடரலிஸ்ட் கட்சியின் ஆடம்ஸ் அதிபர், எதிரணி ஜெஃபர்சன் துணை அதிபர் என்று உங்கள் பாடக்குறிப்பில் இருப்பது அச்சுப்பிழையா என்று கேட்டிருந்தீர்கள். பிழை இல்லை, அப்படித்தான் நடந்தது.

அன்றைய விதிப்படி, அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் நியமித்த தேர்வாளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு ஓட்டு. இது அதிபருக்கு, இது துணைக்கு என்று பிரித்துப் போட வழியில்லை. முதலில் வந்தவர் அதிபர், அடுத்தவர் துணை. கட்சிகளை மனதில் வைத்து எழுதிய விதி இல்லை அது. ஆனால் 1791-ல் தேசிய வங்கி விவகாரத்திலேயே நிதியமைச்சர் ஹாமில்டனும் வெளியுறவு அமைச்சர் ஜெஃபர்சனும் முதல் அதிபர் வாஷிங்டனின் அமைச்சரவைக்குள் முட்டிக்கொண்டார்கள். ஹாமில்டன் பக்கம் ஃபெடரலிஸ்ட், ஜெஃபர்சன் பக்கம் எதிரணி என்று அணி பிரிய ஆரம்பித்துவிட்டது.

1796-ல் ஆடம்ஸுக்கு 71 ஓட்டு, ஜெஃபர்சனுக்கு 68. துணை அதிபராக வரட்டும் என்று ஃபெடரலிஸ்டுகள் ஆடம்ஸோடு நிறுத்திய தாமஸ் பிங்க்னிக்கு 59தான். அவர் ஆடம்ஸை முந்திவிடுவாரோ என்ற பயத்தில் ஆடம்ஸின் சொந்தப் பகுதியான வடகிழக்கு மாநிலங்களின் (நியூ இங்கிலாந்து) ஃபெடரலிஸ்டுகள் பலர் இரண்டாவது ஓட்டை வேறு ஆட்களுக்குப் போட்டுவிட்டார்கள். தனக்குத் தானே வைத்துக்கொண்ட ஆப்பு!

1800-ல் தலைகீழ். ஜெஃபர்சன் அணி கட்டுப்பாடாகப் போட்டதில் அவருக்கும் அவர் அணியின் துணை அதிபர் வேட்பாளர் பர்ருக்கும் ஆளுக்கு 73 என்று சமமாகிவிட்டது. சமமானால் முடிவு செய்ய வேண்டிய பிரதிநிதிகள் சபையில் 36 சுற்று ஓட்டெடுத்துத்தான் ஜெஃபர்சன் தேறினார். 1804-ல் அரசியலமைப்பின் 12-வது திருத்தம் வந்துதான் இரண்டு பதவிக்கும் தனித்தனி ஓட்டு ஆனது.

அப்புறம், ஜெஃபர்சன் அணியை 'ரிபப்ளிகன்' என்று எங்காவது பார்த்தால் இன்றைய கட்சியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். இன்றைய கட்சி 1854-ல்தான் பிறந்தது.