குக்கரில் ரிப்ஸ், எத்தனை விசில்?

போன ஞாயிற்றுக்கிழமை குக்கரில் வேகவைத்து, அப்புறம் கரியில் வாட்டிய ரிப்ஸ், அதாவது விலா எலும்போடு கூடிய இறைச்சியின் படத்தைப் போட்டேன். அன்றிலிருந்து கேள்விகள் வந்தபடியே இருக்கின்றன. தனித்தனியாக எழுதினால் ஒன்றையே பத்துத் தடவை சொல்லவேண்டி வரும் என்பதால் எல்லாவற்றுக்கும் இங்கேயே பதில் எழுதுகிறேன். நான் இருப்பது ஆயர் ஈத்தாம். பினாங்கு ஹோட்டல் சமையலறையில் 19 வருஷம் வேலை பார்த்தேன், பெரும்பாலும் இறைச்சிப் பகுதியில். குக்கர் செய்வது இறைச்சியை மெத்தென்று ஆக்குவது மட்டும்தான். நிறமும் மணமும் நெருப்பில் வருகிறவை. இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே படியுங்கள்.

கேள்வி (செந்தூல்): அக்கா, எத்தனை விசில் விடவேண்டும்? ஆட்டுக்கு ஆறு விசில் என்கிறார் என் மாமியார்.

விசிலை விட்டுவிட்டு நிமிடத்தைப் பாருங்கள், தங்கச்சி. உங்கள் மாமியார் சொல்வது அவர் அடுப்புக்கும் அவர் குக்கருக்கும் சரியாக இருக்கும். தீயைக் கூட்டினால் ஆறு விசிலும் ஆறு நிமிடத்தில் வந்துவிடும், சிம்மில் வைத்தால் அரை மணி ஆகும். உள்ளே இருக்கும் சூடு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், நேரம்தான் வேறு. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, வெயிட் இலேசாகச் சீறிக்கொண்டிருக்கும்படி வையுங்கள். அங்கிருந்து கடிகாரத்தைப் பாருங்கள். பன்றியின் முதுகை ஒட்டிய சின்ன ரிப்ஸுக்கு 18 நிமிடம், வயிற்றுப் பக்கத்துப் பெரிய ரிப்ஸுக்கு 25. ஆஸ்திரேலிய ஆட்டுக்குட்டி ரிப்ஸுக்கும் 25. உள்ளூர் வெள்ளாடு என்றால் 35 வரை போகலாம், வயதான ஆடு இன்னும் கொஞ்சம் கேட்கும். மின்சாரக் குக்கரில் அழுத்தம் சற்றுக் குறைவு, 5 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி (பெட்டாலிங் ஜெயா): அமெரிக்காவில் ஆறு மணி நேரம் புகையில் வைக்கிறார்கள். அதை அரை மணியில் முடிப்பது எப்படி? ருசியை ஏமாற்றுவதாக ஆகாதா?

நல்ல கேள்வி, தம்பி. ரிப்ஸில் மற்ற மென்மையான இறைச்சித் துண்டுகளைவிடச் சவ்வும் நாரும் அதிகம். அந்த நார் கொலாஜன் என்னும் புரதம். அது கரைந்து ஜெலட்டினாக மாறினால்தான் நம் வாயில் வழுக்கிக்கொண்டு போகும். 60 டிகிரிக்கு மேல் மெல்ல ஆரம்பிக்கும் இந்த மாற்றம் 80, 90 என்று ஏற ஏற வேகம் பிடிக்கும். புகையடுப்பில் காற்றின் சூடு ஏறக்குறைய 110 டிகிரி. ஆனால் இறைச்சியின் மேல் ஈரம் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் அது தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ளும். நாம் வியர்த்தால் உடம்பு குளிர்கிறதல்லவா, அதே கதை. அதனால் 65, 70 டிகிரியில் வந்து மணிக்கணக்கில் நின்றுவிடும். குக்கருக்குள் நீராவி நிரம்பியிருப்பதால் இறைச்சி வியர்க்க வழியில்லை. சாதாரண அடுப்புக் குக்கரில் தண்ணீர் 120 டிகிரி வரை ஏறுகிறது. இறைச்சியும் தடையில்லாமல் சூடேறிவிடும்.

இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் 1679-ல் லண்டனில் முதல் அழுத்தப் பாத்திரத்தைச் செய்தபோது அவர் நோக்கமே எலும்பை மிருதுவாக்குவதுதான். ஆனால் உங்கள் சந்தேகத்தில் பாதி நியாயம். நீராவியில் புகை மணம் இல்லை, மொறுமொறுப்பும் இல்லை. இறைச்சி பழுப்பேறி வாசம் கிளம்ப 140 டிகிரிக்கு மேல் காய்ந்த சூடு வேண்டும். அதற்காகத்தான் இரண்டாவது கட்டம்.

கேள்வி (பட்டர்வொர்த்): மசாலா உள்ளே ஏறவே இல்லை. மேலே தடவியது மேலேயே நிற்கிறது.

எலும்புப் பக்கத்துச் சவ்வை உரித்தீர்களா? அநேகமாக இல்லை. ரிப்ஸைத் திருப்பிப் போட்டால் பளபளவென்று பிளாஸ்டிக் தாள் ஒட்டியதுபோல் ஒரு தோல் இருக்கும். எவ்வளவு வெந்தாலும் அது பல்லில் இழுக்கும், உப்பையும் உள்ளே விடாது. நடுவில் இருக்கும் ஏதாவது ஓர் எலும்பின் மேல் கரண்டிக் காம்பைச் செருகி மெல்லத் தூக்குங்கள். சவ்வு கூடாரம்போல் எழும். விரல் நுழையும் அளவு இடம் கிடைத்ததும் டிஷ்யூத் தாளால் இறுகப் பிடியுங்கள், வெறுங்கையில் வழுக்கும். ஒரே சீராக இழுத்தால் டேப் பிரிவதுபோல் சத்தத்தோடு மொத்தமும் கையோடு வரும். பாதியில் கிழிந்தால் அடுத்த எலும்பில் மறுபடி ஆரம்பியுங்கள். பசாரில் கடைக்காரரிடம் சொன்னால் அவரே உரித்துத் தருவார், ஆனால் வீட்டில் செய்தாலும் இரண்டு நிமிட வேலைதான்.

உப்பை முந்தின இரவே தடவுங்கள். எலும்போடு 1 கிலோவுக்கு 12 கிராம். உப்பு மட்டும்தான் நன்றாக ஆழம் போகும். சரவாக் மிளகு, வறுத்த சீரகம், பூண்டு, மிளகாய்த்தூள் எல்லாம் மேல்பூச்சுதான். பாதியைக் குக்கருக்கு முன்னாலும் மீதியை நெருப்புக்கு முன்னாலும் தடவினால் தண்ணீரில் கரைந்து வீணாகாது.

கேள்வி (புக்கிட் மெர்தாஜம்): பச்சைப் பப்பாளி அரைத்துப் போடலாமா? ஆட்டுக்கறிக்கு எப்போதும் போடுவோம்.

குக்கருக்கு வேண்டாம். பப்பாளியின் நொதி மேல்சதையைத்தான் அரிக்கும். கூட நேரம் ஊறினால் மேலே மாவாகி உள்ளே அப்படியே இருக்கும். கொலாஜனைக் கரைக்கும் வேலையைக் குக்கரே செய்துவிடும்.

கேள்வி (கிள்ளான்): சாஸையும் ரிப்ஸையும் ஒன்றாகப் போட்டு மூடினேன். அடிப்பிடித்துக் கறுத்துவிட்டது. எவ்வளவு தண்ணீர் ஊற்றவேண்டும்?

எனக்கும் இது நடந்திருக்கிறது. மகளின் பிறந்த நாளுக்குச் செய்தேன். வாசனை வந்து மூடியைத் திறப்பதற்குள் அடியில் தார்போல் ஒட்டிக்கொண்டது. அந்தக் கசப்பு மேலே இருந்த இறைச்சி வரை ஏறிவிட்டது, ஒரு துண்டைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை. கெட்டியான சாஸ் நீராவியாக எழும்பாது, சீனி அடியில் உட்கார்ந்து கருகும். ஆகவே குக்கருக்குள் சாஸும் சீனியும் போகவே கூடாது. ஒரு கப் தண்ணீர், இரண்டு மேசைக்கரண்டி வினிகர், நசுக்கிய பூண்டு நான்கு பல், ஒரு துண்டு இஞ்சி போதும். உள்ளே ஒரு முக்காலித் தட்டை வைத்து, அதன்மேல் ரிப்ஸை வளைத்து வட்டமாக நிற்கவையுங்கள். இறைச்சி தண்ணீரில் மூழ்கவேண்டாம், மூழ்கினால் சாறு முழுக்க சூப்புக்குப் போய்விடும். குக்கரின் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் எதையும் நிரப்பாதீர்கள். மூடும்முன் ஆவித் துளையை வெளிச்சத்தில் பார்த்து, அடைப்பில்லை என்று தெரிந்த பிறகே வெயிட் போடுங்கள்.

நேரம் முடிந்ததும் வெயிட்டைத் தூக்கி ஆவியைப் பீய்ச்சவும் வேண்டாம். அழுத்தம் திடீரென்று இறங்கினால் இறைச்சிக்குள் இருக்கும் நீர் அப்படியே கொதித்து வெளியேறும், நார் வறண்டுபோகும். அடுப்பை அணைத்து 15 நிமிடம் தானாக அடங்கவிடுங்கள். அந்தப் பதினைந்திலும் இறைச்சி வெந்துகொண்டுதான் இருக்கும். நான் மேலே சொன்ன நிமிடங்கள் முடிந்த பிறகு இந்தப் பதினைந்தும் இருக்கும் என்று வைத்துத்தான் கணக்குச் சொன்னேன்.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ்): குறிப்பில் கெட்சப் என்று இருந்தது, கிச்சாப் ஊற்றினேன். ஒரே உப்பு!

நம்மூரில் கிச்சாப் என்றால் சோயா. அமெரிக்கக் குறிப்புகளில் கெட்சப் என்பது தொமாட்டோ சாஸ். பாவம், உங்கள் தப்பில்லை. ஒரு கிலோ, ஒன்றரை கிலோ ரிப்ஸுக்கு நான் செய்யும் சாஸைச் சொல்கிறேன். தொமாட்டோ சாஸ் ஒரு கப், துருவிய கூலா மலாக்கா (தென்னை வெல்லம்) 60 கிராம், வினிகர் மூன்று மேசைக்கரண்டி, கெட்டிப் புளிக்கரைசல் ஒன்று, இடித்த மிளகு ஒரு தேக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒன்று, பொடியாக நறுக்கி வதக்கிய சின்ன வெங்காயம் ஆறு. குறைந்த தீயில் 15 நிமிடம், கரண்டியின் பின்பக்கம் ஒட்டிக்கொள்ளும் வரை. அமெரிக்கக் குறிப்புகளில் வரும் பழுப்புச் சீனியின் இடத்தில்தான் கூலா மலாக்காவைப் போடுகிறேன். அதில் ஏற்கெனவே ஒரு புகைவாடை இருப்பதால் இந்தச் சாஸுக்கு அதுவே பொருத்தம் என்பது என் முடிவான எண்ணம். தொமாட்டோ சாஸிலும் சீனி உண்டு, ஆகவே இனிப்பை ருசி பார்த்துக் கூட்டுங்கள்.

கேள்வி (ஜார்ஜ்டவுன், லிட்டில் இந்தியா): நாங்கள் ஹலால் மட்டும்தான். ஆட்டு ரிப்ஸில் கொழுப்பு வாடை தூக்குகிறது, என்ன செய்வது?

அண்ணே, அந்த வாடை பெரும்பாலும் கொழுப்பில்தான் இருக்கிறது. மேலே வெள்ளையாகத் தடித்திருப்பதைக் கத்தியால் சீவி எடுங்கள், அரை சென்டிமீட்டர் விட்டால் போதும். குக்கர் தண்ணீரில் ஒரு துண்டு பட்டை, இரண்டு ஏலக்காய் போடுங்கள். சூடாகவே பரிமாறுங்கள், ஆட்டுக்கொழுப்பு ஆறினால் மேல்வாயில் மெழுகுபோல் ஒட்டும். மாட்டின் குட்டை ரிப்ஸ் செய்வதானால் 45 நிமிடம் வையுங்கள். அதைவிடக் குறைத்தால் கித்தா (ரப்பர்) மாதிரி இழுக்கும்.

கேள்வி (செராஸ்): அடுக்குமாடியில் இருக்கிறோம், கரி மூட்ட வழியில்லை.

ஓவனில் மேல்சூட்டை மட்டும் 230 டிகிரியில் வையுங்கள். ஏர் பிரையர் என்றால் 200. ரிப்ஸை முதலில் துணியால் ஒற்றி ஈரம் போக்குங்கள். இதைத் தவிர்த்தால் சாஸ் பிடிக்காது, வழிந்துவிடும். மெல்லிசாக ஒரு கோட் சாஸ் பூசி நான்கு நிமிடம், மறுபடி ஒன்று, மறுபடி ஒன்று. மூன்று மெல்லிய பூச்சு ஒரு தடித்த பூச்சைவிட நன்றாக ஒட்டும். புகை மணத்துக்குச் சிவந்த கரித்துண்டு ஒன்று வேண்டும், அதை அடுப்புத் தீயிலேயே பழுக்க வைக்கலாம். சின்னக் கிண்ணத்தில் வைத்து, ரிப்ஸ் இருக்கும் சட்டிக்குள் இறக்கி, ஒரு சொட்டு நெய் விட்டு உடனே மூடுங்கள். ஐந்து நிமிடம் போதும், கூடினால் கசக்கும். புகை ஏற்றிய பப்ரிக்காத் தூளும் நன்றாகவே வேலை செய்யும். பாட்டிலில் வரும் திரவப் புகை நிஜப் புகையைக் குளிர்வித்துப் பிடித்ததுதான். சாஸில் கால் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம்.

வாசல் உள்ளவர்கள் கரியே மூட்டுங்கள். நான் வாங்குவது பேராக்கின் கோல செப்பெத்தாங்கில் சுட்ட பாக்காவ் கரி. மாத்தாங் சதுப்புநிலக் காட்டு மரம் அது, கெட்டி, நின்று எரியும். சாத்தே (குச்சியில் குத்திய இறைச்சி) சுடும் நீளமான அடுப்பே ரிப்ஸுக்கும் சரியாக இருக்கும். கரி மேல் சாம்பல் படர்ந்த பிறகு வையுங்கள், தீ நாக்கு எழுந்தால் சாஸ் ஒரு நொடியில் கருகும். பூசியதும் ஓரங்களில் சின்னச் சின்னக் குமிழிகள் வரும். அவை பெரிதாகி, மெதுவாகி, நிறம் செங்கல்லிலிருந்து மாதுளைக்கு மாறும்போது திருப்பிப் போடுங்கள்.

கேள்வி (பூச்சோங்): எலும்பைத் தூக்கினால் சதை எல்லாம் கீழே விழுந்துவிட்டது. இதுதானே நல்ல பதம்?

ருசிக்குக் குறை இல்லை, ஆனால் அது வெந்து தாண்டிய பதம். அமெரிக்காவின் பார்பிக்யூ போட்டிகளில்கூட அப்படி உதிர்வதை அதிகம் வெந்ததாகத்தான் பார்ப்பார்கள். கடித்த இடத்தில் மட்டும் சதை சுத்தமாக வரவேண்டும். அடுத்த தடவை நான்கு நிமிடம் குறையுங்கள். எலும்பின் நுனி ஒரு சென்டிமீட்டர் வெளியே தெரிவதும், இடுக்கியால் ஒரு முனையைத் தூக்கினால் மேலே விரிசல் விடுவதும்தான் அடையாளம். இந்த முறை உதிர்ந்ததைத் தூக்கி எறியவேண்டாம், சாஸில் பிரட்டி ரொட்டிக்குள் வையுங்கள்.

கேள்வி (பாயான் லெப்பாஸ்): தீபாவளிக்கு 30 பேர் வருகிறார்கள். அன்றைக்கே எல்லாம் முடியுமா அக்கா?

அன்றைக்கு வேகவைக்காதீர்கள். முந்தின நாளே தவணை தவணையாகக் குக்கரில் வைத்து எடுத்து ஆறவிட்டு, எடுத்ததிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் மூடிப் பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். குளிர்ந்த ரிப்ஸ் இறுகியிருப்பதால் அடுப்பில் உடையாது, வெட்டவும் சுலபம். அன்று வாட்டுவது மட்டும்தான் வேலை. உள்ளே நன்றாகச் சூடேறும்படி முதலில் சாஸ் இல்லாமல் பத்து நிமிடம், அப்புறம் பூச்சு. ஆளுக்கு எலும்போடு 350 கிராம் கணக்கு வையுங்கள், மற்ற பலகாரங்களும் இருக்குமே.

கேள்வி (ஜெலுத்தோங்): குக்கரில் மிஞ்சும் தண்ணீரைக் கொட்டிவிடலாமா?

கொட்டவே கொட்டாதீர்கள்! ரிப்ஸிலிருந்து கரைந்த ஜெலட்டினில் கொஞ்சம் அதில்தான் இருக்கிறது. இரவு பிரிட்ஜில் வைத்தால் மேலே கொழுப்பு கட்டியாகி நிற்கும், கீழே ஜெல்லிபோல் ஆடும். கொழுப்பை எடுத்துவிட்டு அரைக் கப்பைச் சாஸோடு சேர்த்துச் சுண்டவையுங்கள், சாஸ் பளபளவென்று வரும். மீதியில் மிளகும் சீரகமும் இடித்துப்போட்டு ரசம் வைப்பேன். வினிகர் ஏற்கெனவே இருப்பதால் புளியைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.