"காலத்தைப் பிரயோஜனப்படுத்திக்கொள்ளுங்கள்" என்கிறது வேதம். வேலை, வீடு, சபை என்று ஓடுகிறவர் என்ன செய்வது?

கந்தோர் வேலை, இரண்டு சின்னப் பிள்ளைகள், சபையில் மூன்று பொறுப்பு. எபேசியர் 5:16ஐ வாசிக்கும்போதெல்லாம் குற்ற உணர்வு வருகிறது, ஒரு நிமிஷம்கூட வீணாக்காமல் இருக்க வழி சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி இருந்து பார்த்தவள் நான். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு கல்லாற்றில், மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில். அப்போது நான் படிப்பித்த பாடசாலை மண்டூர்ப் பக்கம், வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில். தினமும் காலையில் குருமண்வெளித் துறையில் ஸ்கூட்டியோடு பாதையில் ஏறவேண்டும். (வெளியூர்க்காரருக்கு: இங்கே பாதை என்றால் ரோட்டு மட்டுமல்ல. ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவைக்கும் அதுதான் பெயர்.) 7.30க்குப் பாடசாலை. பாதை அக்கரையில் நின்றால் அது வரும்வரை காத்திருக்கவேண்டும், அவசரப்பட்டு ஒன்றும் ஆகாது. போக வர அரை மணி நேரம் சும்மா போகிறதே என்று எனக்கு ஒரே அரிப்பு. அதனால் விடைத்தாள் கட்டைக் கையோடு கொண்டுபோய்ப் பாதையிலேயே திருத்தத் தொடங்கினேன்.

கச்சான் காற்று வீசும் காலம். எட்டாம் ஆண்டு வரலாற்றுத் தாள்கள் மடியில், சிவப்புப் பேனா வாயில். மூடியைக் கழற்றுவதற்குள் ஒரு வீச்சு. பதினான்கு தாள்கள் வாவியில். பக்கத்தில் தோணியில் நின்ற ஒரு அண்ணன் கையாலும் வலையாலும் ஒன்பதை அள்ளித் தந்தார். நீல மை கரைந்து, சங்கிலியன், பராக்கிரமபாகு என்ற இரண்டு ராஜாக்களும் ஒன்றாகி இருந்தார்கள். "மீனுக்கும் சோதனை வைக்கிறீங்களா டீச்சர்?" என்று கேட்டார். மீதி ஐந்து பிள்ளைகளுக்குத் திரும்பச் சோதனை வைத்ததில் இரண்டு பாடவேளை போயிற்று. நான் மிச்சம் பிடித்த நிமிஷங்களுக்கெல்லாம் சேர்த்து வட்டி கட்டினேன்.

சரி, வசனத்துக்கு வருவோம். "பிரயோஜனப்படுத்தி" என்ற தமிழைக் கேட்டவுடன், கையில் இருக்கும் நேரத்தைப் பிழிந்து எடுப்பது போலத்தான் எனக்கும் பட்டது. பவுல் கிரேக்கத்தில் எழுதிய சொல் சந்தைச் சொல்: விலை கொடுத்து வாங்கி மீட்பது. கிறிஸ்து நம்மை மீட்டுக்கொண்டார் என்று கலாத்தியர் 3:13இல் எழுதும்போதும் அதே சொல்லைத்தான் போடுகிறார். "காலம்" என்பதற்கும் மணிக்கூட்டு நேரத்தைக் குறிக்கும் க்ரோனோஸ் என்ற சொல் அங்கே இல்லை. ஏற்ற வேளை, தருணம் என்ற பொருள் கொண்ட கைரோஸ்தான் இருக்கிறது. எனக்கு இது ஈடு வைத்த காப்பை மீட்கிற மாதிரி. மீட்கப் போகிறவள் காசோடு போகவேண்டும், வெறுங்கையோடு போனால் சிட்டையை மட்டும் காட்டிவிட்டுத் திரும்பவேண்டியதுதான். நான் அப்படித்தான் இருந்தேன். ஒன்றையும் விட்டுக்கொடுக்காமல், எல்லாவற்றுக்கும் நேரம் வேண்டும் என்றேன். அடுத்த வசனத்தையும் பாருங்கள். இன்னும் அதிகம் செய்யுங்கள் என்று அதில் இல்லை. கர்த்தருடைய சித்தம் இன்னதென்று உணர்ந்துகொள்ளுங்கள் என்றுதான் இருக்கிறது.

இதை எனக்குப் புரியவைத்தது பிரசங்கம் அல்ல, என் மாமி. அப்போது நான் ஞாயிறு பாடசாலை ஆசிரியை, பாடகர் குழுவில் ஆள், மாதர் ஐக்கியத்தின் செயலாளர். ஒருமுறை எங்களோடு நாலு நாள் தங்க வந்தவ, மூன்றாம் நாள் இரவு தேத்தண்ணியைக் கையில் தந்துவிட்டுக் கேட்டா: "மகள், இவ்வளவையும் உன்னைத்தான் செய்யச் சொன்னவங்களா?" கோபம் வந்தது. பிறகு யாத்திராகமம் 18 ஞாபகம் வந்தது. காலை முதல் மாலை வரை உட்கார்ந்து ஜனங்களின் வழக்கைத் தீர்த்த மோசேயிடம், "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்று சொன்னது யார்? பார்க்க வந்த மாமன் எத்திரோ. அந்த அதிகாரத்தை நிர்வாகப் பாடமாக எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன், அது ஒரு மாமனார் மருமகனுக்குச் சொன்ன புத்தி என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

பாடகர் குழுவையும் செயலாளர் வேலையையும் விட்டேன். போதகர் ஐயா பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டார். ஒன்றிரண்டு பேர் சில ஞாயிறுகளுக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. அதுதான் நான் கொடுத்த விலை. சுறுசுறுப்பானவள் என்ற பெயர் போவது லேசாக இல்லை, அதை ஒத்துக்கொள்ளவேண்டும்.

ஊழியத்தைக் குறைப்பது பாவம் இல்லையா என்று கேட்பீர்கள். மாற்கு 1ஐப் பாருங்கள். கப்பர்நகூமில் ஊர் முழுக்க இயேசுவைத் தேடுகிறது. அவர் இருட்டோடு எழுந்து வனாந்தரத்தில் ஜெபித்துவிட்டு, அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கிறார். தேடியவர்களை விட்டுவிட்டுத்தான் போகிறார். அதே ஆள் 5ஆம் அதிகாரத்தில் சாகக் கிடக்கும் பிள்ளையின் வீட்டுக்குப் போகிற வழியில், வஸ்திரத்தைத் தொட்ட ஒரு பெண்ணுக்காக நின்றுவிடுகிறார். ஒரு இடத்தில் நிற்கவில்லை, ஒரு இடத்தில் நிற்கிறார். இதைச் சூத்திரமாக்க முடியாது. அதனால்தான் காலை ஜெபத்தை மட்டும் நான் எதற்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை.

நடைமுறையில் செய்வது கொஞ்சம்தான். சனி இரவு ஒரு கொப்பியில் வரும் வாரத்துக்கு மூன்று பெயர் எழுதுவேன். வேலைகளை எழுதுவதில்லை, ஆட்களைத்தான். மூத்த மகன், மருந்து எடுக்கும் பக்கத்து வீட்டு அம்மா, வகுப்பில் ஒரு பிள்ளை, இப்படி. வேலைகள் எப்படியும் தங்களை ஞாபகப்படுத்திக்கொள்ளும், ஆட்கள் அப்படியில்லை. ஞாயிறு விடைத்தாள் தொடுவதில்லை. போன் இரவு எட்டு மணிக்குப் பிறகு அலுமாரிக்கு மேலே. வசனப் படம் அனுப்பும் வாட்ஸ்அப் குழுக்கள் ஐந்தில் மூன்றை விட்டு வெளியேறினேன், விசுவாசம் ஒன்றும் குறையவில்லை. பாதையில் கையை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்ப்பேன். நித்திரையைக் குறைத்துச் செய்யும் எதையும் நம்புவதில்லை. சங்கீதம் 127:2 அதைப் பற்றித்தான்.

இன்னொன்று. இந்தக் கரையோரத்தில் நாளைக்கு என்று யாரும் லேசாகச் சொல்வதில்லை. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிறு, நத்தாருக்கு மறுநாள். கடல் வந்தது. "ஆண்டவருக்குச் சித்தமானால்" என்று யாக்கோபு 4:15 சொல்வதை அதுவரை வாய்ப்பழக்கமாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்த வாரக் கொப்பியில் பக்கத்து வீட்டு அம்மாவின் பெயர் இன்னும் வெட்டுப்படாமல் இருக்கிறது. நாளை மறுநாள் போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை, பாடசாலை இல்லை. புட்டும் மீன்குழம்பும் கட்டிக்கொண்டு போய் மத்தியானம் வரை இருந்துவிட்டு வரலாம் என்று நினைத்திருக்கிறேன். ஆண்டவருக்குச் சித்தமானால்.