கிரீன் கார்டோடு கஞ்சா டிஸ்பென்சரியில் பங்கு போடலாமா?

கேள்வி: பென்சில்வேனியாவில், பிலடெல்பியா பக்கம் இருக்கிறோம். எனக்கு 44 வயது, ஐ.டி. வேலை. மனைவி பார்மசிஸ்ட். இருவருக்கும் கிரீன் கார்டு; அடுத்த வருஷம் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இருக்கிறோம். கூட வேலை பார்த்த ஒருவர் மருத்துவக் கஞ்சா டிஸ்பென்சரி (நோயாளிகளுக்குக் கஞ்சா விற்கும் கடை) ஒன்றை நாலைந்து பேராகச் சேர்ந்து வாங்குகிறார். 2 லட்சம் டாலர் போட்டால் எனக்கு 20 சதவீதப் பங்கு, மனைவிக்கு அங்கேயே வேலை என்கிறார். பாதிப் பணம் வீட்டின் மேல் கடன், மீதி 401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து. 5,000 டாலர் முன்பணம் கொடுத்துவிட்டேன். போடலாமா?

பதில்: வேண்டாம். லாப நஷ்டக் கணக்கை அப்புறம் பார்ப்போம், முதலில் உங்கள் குடியுரிமை.

பென்சில்வேனியா 2016-லேயே மருத்துவக் கஞ்சாவுக்குச் சட்டம் போட்டுவிட்டது, கடைகளும் 2018-லிருந்து நடக்கின்றன, எல்லாம் சரி. ஆனால் குடியுரிமை கொடுப்பது மாநிலம் இல்லை, மத்திய அரசு; அதன் சட்டத்தில் கஞ்சா இன்னும் கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருள்தான். 2019 ஏப்ரலில் குடிவரவுத் துறை இதை எழுத்திலேயே சொல்லிவிட்டது: மாநிலச் சட்டப்படி நடக்கும் கஞ்சாத் தொழிலில் இருந்தாலும் அது குடியுரிமைக்குத் தேவையான நன்னடத்தைக்குக் குறையாகலாம், விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். முதலாளிக்கு மட்டும் இல்லை, அங்கே சம்பளத்துக்கு வேலை பார்ப்பவருக்கும் இதேதான். ஆக, உங்கள் மனைவிக்குச் சொல்லும் அந்த வேலையும் ஆபத்து. "பணம் மட்டும் போடுகிறேன், பெயர் வெளியே வராது" என்று நினைக்காதீர்கள். பணம் போடுபவரின் பின்னணியையும் சோதிக்க வேண்டும் என்று மாநிலச் சட்டமே சொல்கிறது. உங்கள் பெயர் அரசுக் கோப்பில் ஏறிவிடும்.

இனி வரி. போதைப்பொருள் விற்பவர்களுக்காக 1982-இல் வந்த 280ஈ என்ற பிரிவு, மத்திய அரசின் போதைப்பொருள் பட்டியலில் முதல் இரண்டு அட்டவணைகளில் உள்ள சரக்கை விற்பவர் கொள்முதல் விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்க முடியாது என்கிறது. இந்தக் கடை 10 லட்சம் டாலருக்கு விற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சரக்குக் கொள்முதல் 6 லட்சம். வாடகை, சம்பளம், காவலாளி, கேமரா என்று மூன்றரை லட்சம். கையில் நிற்பது 50,000. ஆனால் கஞ்சா அந்த அட்டவணைகளில் இருக்கும் வரை, ஐ.ஆர்.எஸ். (மத்திய வரித் துறை) கண்ணுக்கு வருமானம் 4 லட்சம். கடை எல்.எல்.சி. என்ற வகை நிறுவனமாக இருந்து, பார்ட்னர்ஷிப் மாதிரி பங்காளிகளே வரி கட்டுவதாக இருந்தால் அதில் உங்கள் 20 சதவீதம், அதாவது 80,000 டாலர், உங்கள் சொந்த வரிக் கணக்கில் வந்து உட்காரும். 24 சதவீத வரி வரம்பில் இருந்தால் 19,200 டாலர் கட்ட வேண்டும். உங்கள் பங்கு லாபம் எவ்வளவு? 10,000. அதையும் கடைக்கே வைத்துக்கொள்கிறோம் என்று அவர்கள் முடிவு செய்தால், வராத பணத்துக்குச் சம்பளத்திலிருந்து வரி கட்டுவீர்கள்.

கஞ்சாவை மூன்றாம் அட்டவணைக்கு மாற்ற 2024 மே மாதம் முன்மொழிந்தார்களே, அப்படி மாறினால் 280ஈ இல்லையே என்று நண்பர் சொல்வார். அது உண்மைதான். ஆனால் நடந்துகொண்டிருக்கும் கடையை வாங்குகிறீர்கள். பழைய வருடங்களின் வரி பாக்கி நிறுவனத்தோடு சேர்ந்தே வரும். அதைக் கேட்டீர்களா? எனக்கு அதுதான் பெரிய கவலை.

என்னிடம் கணக்குப் பார்க்க வந்த ஒரு கஞ்சாக் கடைக்காரர், கல்லாப் பணத்தை ஷூ பெட்டிகளில் அடுக்கி, ஒவ்வொரு பெட்டி மேலும் தேதியும் தொகையும் மார்க்கரில் எழுதிக் கொண்டுவந்தார். மேஜை மேல் ஒன்பது பெட்டி. அவருடைய வங்கி அந்த மாதம்தான் கணக்கை மூடியிருந்தது. வாடிக்கையாளரிடம் கிரெடிட் கார்டில் பணம் வாங்க முடியாது, அரசு உத்தரவாதம் உள்ள சிறுதொழில் கடன் கிடையாது, நொடித்துப் போனால் மத்திய திவால் நீதிமன்றமும் கதவைத் திறக்காது. அப்படி ஒரு தொழிலுக்கு வீட்டை ஈடு வைக்கச் சொல்கிறார்கள். 401கே-யை 59½ வயதுக்கு முன் எடுத்தால் 10 சதவீத அபராதம், அதற்கு மேல் வருமான வரி வேறு.

வாடிக்கையாளர் விஷயமும் யோசியுங்கள். டாக்டர் சான்று வாங்கி, அடையாள அட்டை எடுத்து வரும் நோயாளிகளுக்குத்தான் நீங்கள் விற்க முடியும். ஆற்றைத் தாண்டினால் நியூ ஜெர்சி. அங்கே 2022 ஏப்ரலிலிருந்து 21 வயது நிரம்பிய யாரும் வாங்கலாம்.

வலியில் இருக்கிற நோயாளிக்கு உதவுகிற தொழில் என்று நீங்கள் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அதை நான் மதிக்கிறேன். குடியுரிமை கைக்கு வந்த பிறகும் ஆசை இருந்தால் எழுதுங்கள், கணக்குப் புத்தகங்களை உட்கார்ந்து பார்ப்போம்.

இப்போதைக்கு அந்த 5,000 டாலர். என்ன காகிதத்தில் கையெழுத்துப் போட்டீர்கள், கடன் என்று இருக்கிறதா, பங்கு என்று இருக்கிறதா, உங்கள் பெயரை மாநிலத்துக்கு அனுப்பிவிட்டார்களா என்று இந்த வாரமே கேளுங்கள். அந்தக் காகிதங்களோடு முதலில் குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள், ஆடிட்டரை அப்புறம் பார்க்கலாம். வழக்கறிஞரிடம் பேசுவதற்கு முன் பணத்தைத் திருப்பிக் கேட்டு நண்பருக்கு வாட்ஸ்அப்பில் எதுவும் எழுத வேண்டாம்.