இன்டர்நேஷனல் அஃபேர்ஸ்ல எம்ஏ பண்ணலாமா, இல்ல ஒரு ரீஜியனை மட்டும் எடுத்துப் படிக்கலாமா? எதுக்கு மதிப்பு அதிகம்?

மதிப்பு எதுக்குன்னு கேட்டீங்க பாருங்க, அதுக்காகத்தான் டைப் பண்ண உக்காந்தேன்.

நான் படிச்சது ரெண்டாவது வகை. துருக்கியும் அத சுத்தியுள்ள நாடுகளும். ரெண்டு வருஷ கோர்ஸ், பாதி நேரம் மொழி கிளாஸ்லயே போச்சு. படிச்ச காலம் பூரா "இத வச்சு என்ன பண்ணுவ?"ங்கிற கேள்விதான். இன்டர்நேஷனல் அஃபேர்ஸ் பசங்கள யாரும் இப்படி கேக்க மாட்டாங்க, அவங்க கோர்ஸ் பேரே கோட்டு சூட்டு போட்டுட்டுல்ல வந்து நிக்குது.

நீங்க பத்து டேப் திறந்து வச்சுட்டு ரேங்க் லிஸ்ட் பாத்து முழிச்சுட்டு இருப்பீங்கன்னு நினைக்கிறேன். ஃப்ளெச்சர், ஜான்ஸ் ஹாப்கின்ஸோட SAIS (சைஸ்), கொலம்பியால சிபா, பாரிஸ்ல சியான்ஸ் போ, இதெல்லாம் அஃபேர்ஸ் ஸ்கூல், தொழில் பழக்குற இடம். எகனாமிக்ஸ், பாலிசி மெமோ, பேச்சுவார்த்தை, எல்லாத்துக்கும் மேல பழைய மாணவர் வட்டம். லண்டன் சோஆஸ், ஆக்ஸ்ஃபோர்டோட மத்திய கிழக்கு எம்ஃபில் மாதிரி கோர்ஸ் எல்லாம் ரீஜியன் வகை, அது வேற. மொழி, வரலாறு, அந்த நாட்டு ஆவணத்த நேரா படிக்கிறது. இத ஏதோ மியூசியம் சப்ஜெக்ட்னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், 1957-ல சோவியத் ஸ்புட்னிக் செயற்கைக்கோள விட்டதும் அமெரிக்கா அரண்டு போய் 1958-ல பாதுகாப்புக் கல்விச் சட்டம்னே ஒண்ணு போட்டு, அதுலதான் ஏரியா ஸ்டடீஸ், அதாவது இந்த ரீஜியன் படிப்புக்கான சென்டர்களுக்கு காசு கொடுத்துச்சு.

என் கதைக்கு வரேன். 2021 மார்ச்ல நான் ஒரு ரிஸ்க் அனாலிசிஸ் ஆபீஸ்ல புதுசு, எந்த நாட்டுல என்ன ஆபத்து வரும்னு கிளையன்ட்டுக்கு கணிச்சு சொல்ற வேலை. டீம்ல மத்தவங்க எல்லாம் பெரிய ஸ்கூல்ல அஃபேர்ஸ் படிச்சவங்க, நல்லவங்கதான், குறை சொல்ல வரல. துருக்கில முக்கியமான ஆணையெல்லாம் ரெஸ்மி கஸெட்டேங்கிற அரசிதழ்ல வரும். பல தடவ நடுராத்திரி தாண்டித்தான் வெப்சைட்ல ஏத்துவாங்க. தூக்கம் வராதப்ப அத புரட்டுறது என் வழக்கம். 20-ஆம் தேதி, சனிக்கிழமை இதழ்ல பாத்தா மத்திய வங்கி கவர்னர் நாஜி ஆபாலை தூக்கிட்டாங்க. மனுஷன் பதவிக்கு வந்து அஞ்சு மாசம் கூட ஆகல, ரெண்டு நாள் முன்னாடிதான் வட்டிய 17-லேர்ந்து 19 சதவீதமா ஏத்தியிருந்தார். அதே இதழ்ல, பெண்கள் மேல நடக்கிற வன்முறைக்கு எதிரான இஸ்தான்புல் உடன்படிக்கையிலேர்ந்து விலகுற ஆணையும் இருக்கு. ரெண்டையும் வச்சு அன்னிக்கே நோட் எழுதி அனுப்பிட்டேன். திங்கட்கிழமை மார்க்கெட் திறந்ததும் துருக்கி பணமான லிரா ஒரு கட்டத்துல 15 சதவீதம் கிட்ட சரிஞ்சுது, கிளையன்ட் கால்ல டீம்ல கடைசி ஆளான என்னைத்தான் பேச விட்டாங்க.

"இங்கிலீஷ் செய்திலயும் அது சீக்கிரமே வந்துச்சே"ம்பீங்க, மறுக்கல. செய்தில வந்தது சாரம். ஆணைல எந்த சட்டப்பிரிவ காட்டியிருக்காங்கன்னு பாக்க, கூடவே வேற என்ன வந்திருக்குன்னு பாக்க ஒரு ஆள் வேணும்ல? "இப்பதான் ஏஐ மொழிபெயர்க்குதே"ன்னு ஒருத்தர் வருவார். மொழிபெயர்க்கும் சார், எந்தப் பக்கத்த திறக்கணும்னு தெரிஞ்சவனுக்கு.

அதுக்காக எல்லாரும் ரீஜியன் எடுங்கன்னு சொல்லல. ஐநா, வளர்ச்சி வங்கி, இன்னிக்கு ஒரு நாடு நாளைக்கு ஒரு நாடுன்னு மாறுற வேலைதான் ஆசைன்னா அஃபேர்ஸ் எடுங்க, எகனாமிக்ஸ் கை கொடுக்கும். ரீஜியன்னா மொழி வந்தே ஆகணும். அமெரிக்க வெளியுறவுத்துறை தன் ஆளுங்களுக்கு துருக்கி மொழி கத்துக்க ஒதுக்குறது 44 வாரம், 1100 மணி நேரம், அதுவும் முழுநேரமா. அரபி, சீனம், ஜப்பானிய மொழி, கொரிய மொழின்னா 88 வாரம். அப்போ ஒரு வருஷ எம்ஏல அரபிய அ ஆவன்னாலேர்ந்து ஆரம்பிச்சா எங்க போய் நிப்பீங்கன்னு நீங்களே கணக்கு போட்டுக்கங்க. அதனால ரேங்க் லிஸ்ட்ட மூடிட்டு சிலபஸ்ல வாரத்துக்கு எத்தன மணி நேரம் மொழின்னு தேடுங்க.

இன்னொரு வயித்தெரிச்சலும் இருக்கு, கேள்விக்கு சம்பந்தமில்ல, இருந்தாலும் சொல்றேன். துருக்கி மொழி தெரியும்னு வெளில சொல்லிடாதீங்க. சொந்தக்காரங்க, பழைய கிளாஸ்மேட், முகம் கூட பாக்காத ஆளு எல்லாம் துருக்கி சீரியல் கிளிப் அனுப்பி "இதுல அவ என்ன சொல்றா"ம்பாங்க. ஒரு எபிசோடு ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஓடும்! "இத வச்சு என்ன பண்ணுவ"ன்னு கேட்ட அதே கூட்டம்தான், ஒரு தேங்க்ஸ் கிடையாது.

ஆமா, எந்த ரீஜியன்னு நீங்க சொல்லவே இல்லையே. ரஷ்யான்னா, 2022-க்கு அப்புறம் மேற்கத்திய யுனிவர்சிட்டிங்க நிறைய பேர் மொழி படிக்கிற பசங்கள மாஸ்கோவுக்கு பதிலா கஜகஸ்தான், கிர்கிஸ்தான், ஜார்ஜியான்னு அனுப்புறாங்க. எந்த ஊருக்கு அனுப்புவாங்கன்னு அப்ளிகேஷன் ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடியே மெயில் போட்டு கேட்டுருங்க.